பசித்த ஆவிகளும் மஞ்சள் பொடியும்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஊரடங்கு முடியும். ஐந்து பத்துக்குப் பொடி ஐயாவின் வாசலில் இருநூறு பேர் நிற்பார்கள். எல்லோருக்கும் முழங்கால் வருத்தம், இடுப்பு வருத்தம், மூச்சு வருத்தம். நடக்க முடியாதவர்கள் பத்து நிமிடத்தில் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்கக் கூடாது. அற்புதம் வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு நடந்தது. இடம் திருகோணமலை, துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு பழைய உப்புக் களஞ்சியம். அதற்கு ஒரு பக்கம் கடற்படையின் சோதனைச் சாவடி, சென்றி. மறுபக்கம் தேத்தண்ணிக் கடை. சென்றியில் மடியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். பொடி ஐயா தடவுவதுமில்லை, திருப்பித் தருவதுமில்லை.

அவருடைய பெயர் சோமசேகரம். முன்பு மிளகாய்த்தூள் மில் வைத்திருந்தார். மாதத்தில் பாதி நாள் மின்சாரம் இல்லாத ஊரில் மில் படுத்துவிட்டது. பிறகு ஒருநாள் கனவில் ஒரு முனிவர் வந்து, சகல நோய்க்கும் ஒரு பொடி சொன்னாராம். முனிவரும் அரைக்கத் தெரிந்த ஆளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. "ஆராய்ச்சியால் நிரூபிக்கப்பட்டது. இன்றுவரை பூரண குணமடைந்தோர் 317." யார் ஆராய்ந்தார்கள் என்று எழுதவில்லை. பலகையில் இடம் போதவில்லைப் போலும்.

பொடி சாம்பல் கலந்த வெள்ளை. சைவர்கள் அதைத் திருநீறு என்றார்கள். வேதக்காரரான கிறிஸ்தவர்கள் ஆசீர்வாதத் தூள் என்றார்கள். முஸ்லிம்கள் ஓதின தூள் என்றார்கள். எல்லாக் கூட்டத்துக்கும் பொருந்தும் அரசியல் தீர்வு ஒன்றைப் பதினைந்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்த நாட்டில், மூவருக்கும் பொருந்திய ஒரே பொருள் அதுதான்.

குடிப்பதற்கு இரண்டு விதி. முதல் விதி, வெறுவயிற்றோடு வர வேண்டும். மத்தியானம்வரை பச்சைத் தண்ணீர் தவிர வேறொன்றும் கூடாது. இரண்டாம் விதி, அரசாங்க மருந்தை அன்றோடு நிறுத்திவிட்டு, கிளினிக் கொப்பியை ஐயாவிடம் ஒப்படைக்க வேண்டும்.

"ஒரு உறையில ரெண்டு வாள் போடேலாது," என்பார் ஐயா. "உங்களுக்கு நான் வேணுமோ, குளிசை வேணுமோ?"

கிளினிக் கொப்பி என்பது நோயாளியின் சாதகம். பெயர், வயது, வருத்தம், எந்த மாத்திரை, எத்தனை வேளை, எல்லாம் அதில் இருக்கும். அதைக் காட்டினால்தான் அரச மருந்தகத்தில் மாத்திரை கிடைக்கும். ஐயா கொப்பியை வாங்கி, கண்ணை மூடி, கண்ணாடி போட்ட பெரிய அலுமாரிக்குள் வைப்பார். வைத்த கையோடு பலகையில் ஒன்று கூடும். பொடி இன்னும் தொண்டைக்குள் இறங்கியிராது. ஆள் குணமாகிவிடுவார்.

பொடி குடித்தவருக்கு மூன்று அடையாளம் வரும் என்றார் ஐயா. அது பொய்யில்லை. வந்தது. சிலர் காலை முழுதும் களஞ்சியத்தின் பின்சுவருக்கு ஓடினார்கள். அது நோய் நீராக இறங்குவது. சிலருக்கு ஆறுமாதம் மடங்காத முழங்கால் மடங்கியது. அது அருள். சிலர் ஒன்பது மணிக்கு மேல் வியர்த்து, நடுங்கி, கண் செருகி, வாய் குழறினார்கள். அது எல்லாவற்றிலும் மேலானது. அவர்கள் மேல் செத்துப்போன சொந்தக்காரர் யாராவது இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

இறங்கிய ஆவிகளிடம் ஒரு பொதுக் குணம் இருந்தது. எல்லா ஆவிக்கும் பசித்தது.

"ஆர் வந்திருக்கிறியள்?" என்று ஐயா கேட்பார்.

"பசிக்குது," என்று ஆவி சொல்லும்.

"பாருங்கோ, உங்கட அப்பா பட்டினியாய்த் திரியிறார். படையல் போடவேணும். ஆயிரத்து ஐந்நூறு ரூபா. வெளியில யேசுரட்ணத்திட்டக் குடுங்கோ."

யேசுரட்ணம் ஐயாவின் வலக்கை. நெஞ்சில் சிலுவை, நெற்றியில் திருநீறு, தலையில் சில நாள் தொப்பி. வந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்வார்.

நான் அங்கே போனது பொடிக்காக அல்ல. ஆள் அனுப்பியிருந்தார்கள். என் மனைவி வந்திருக்கிறாள், உடனே வரவும் என்று செய்தி.

என் மனைவி கமலேஸ்வரி இறந்து அப்போது ஏழு மாதம். மூதூரில் படிப்பித்தவள். காய்ச்சல் முற்றிய அன்று குடாவில் லோஞ்ச் படகு ஓடவில்லை. அதற்குமேல் அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. வீட்டில் நானும் அவளுடைய தாய் புஷ்பவதியும் மிஞ்சினோம். மாமிக்கு இதய வருத்தம். நாலு வருடமாகக் கிளினிக் மாத்திரையில் இருப்பவர். நான் அரச மருந்தகம் ஒன்றில் மருந்து கொடுக்கிறவன். மருமகன் மருந்தகத்தில் இருக்கும்போது மாமி உப்புக் களஞ்சியத்தில் கொப்பியை ஒப்படைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை.

நான் போனபோது மாமி பாயில் சரிந்து கிடந்தார். சேலை நனையும் அளவுக்கு வியர்வை. கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. சுற்றி நூறு பேர் கைகூப்பி நின்றார்கள். நூறு பேரில் ஒருவருக்கும் நாடி பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"கதையுங்கோ தம்பி," என்றார் ஐயா. "உங்கட மனிசிதான். அஞ்சு நிமிசத்துக்கு மேல நிக்கமாட்டா."

மாமியின் உதடு அசைந்தது. "பசிக்குது," என்றார்.

கமலேஸ்வரி பசி என்று சொன்னதை நான் கேட்டதே இல்லை. சாப்பாட்டுக்கு அவளைக் கெஞ்ச வேண்டும். மண்ணுலகில் இல்லாத பசி விண்ணுலகில் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போனேன். ஒரு தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி போடச் சொன்னேன். மாமியை நிமிர்த்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன்.

யேசுரட்ணம் கையைப் பிடித்தார். "விரதம் முறியுது தம்பி."

"முறியட்டும்," என்றேன்.

பத்து நிமிடத்தில் மாமி எழுந்து உட்கார்ந்தார். நடுக்கம் நின்றது. ஐயாவின் முகம் சுருங்கியது.

"ஆவியைக் கலைச்சுப்போட்டீர். இனி அது எப்ப வருமோ."

சீனித் தேத்தண்ணியைக் கண்டு ஓடுகிற ஆவியைப் பற்றி அந்தக் கூட்டத்தில் எவருக்கும் ஒரு கேள்வியும் எழவில்லை. எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாமி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினார்.

"அவள் என்னட்ட வந்தவள் தம்பி. நீங்கள் கலைச்சுப்போட்டியள்."

"அது அவள் இல்லை மாமி."

"நீங்கள் ஒருக்காக்கூட அழேல்லை. அதுதான் உங்களட்ட வராமல் என்னட்ட வந்தவள். வாற வெள்ளியும் நான் போவன். மறிக்கவேண்டாம்."

நான் மறிக்கவில்லை. மறித்தால் நான் வேலைக்குப் போன பிறகு போவார்.

மருந்தகத்துக்குப் பொறுப்பானவர் டொக்டர் ஸல்ஹா. கிண்ணியாக்காரர், முப்பது வயதுப் பெண். கொழும்பிலிருந்து ஐந்து மாதம் பிந்தி வரும் மருத்துவ சஞ்சிகைகளை மத்தியானச் சோற்றோடு சேர்த்துப் படிப்பார். எந்த நாட்டில் எந்த மருந்தை எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கறி பரிமாறுவதுபோல எனக்கும் கொஞ்சம் எடுத்து வைப்பார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடி கேட்டார்.

"வேர்வை, நடுக்கம், பசி. சீனி குடிச்சா பத்து நிமிசத்தில சரி. இது எந்த ஆவி தெரியுமா? சீனி வருத்தக் குளிசை, நீரிழிவுக்குக் குடுக்கிறது. அந்த வருத்தம் இல்லாத ஆளுக்கு வெறுவயித்தில குடுத்தா இப்பிடித்தான் விழுவாங்க."

"பொடிக்குள்ள குளிசையோ?"

"ஓடி ஓடி மூத்திரம் போறது நீர் இறக்கிற குளிசை. முழங்கால் மடங்கிறது ஸ்டீரொயிட். அந்தாள் மில்லுக்காரர்தானே. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு அரைக்கிறார்." கையைக் கழுவிவிட்டு வந்தார். "ஒங்கட மாமிட இதயம் இன்னொரு தரம் இப்பிடிச் சீனி இறங்கினாத் தாங்காது. அத முதல்ல யோசிங்க. அடுத்தது, இவ்வளவு குளிசை அந்தாளுக்கு எங்கால வருது? இந்தப் பக்கத்தில மருந்து இருக்கிறது எங்களிட்டதானே."

அதுதான் எனக்கும் விளங்கவில்லை. ஆறு மாதமாகக் கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் வாங்குகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஊரே குணமாகிவிட்டது என்று தபால்காரர்கூடச் சொன்னார். ஆனால் மாத்திரைப் போத்தல்கள் மட்டும் பழையபடி காலியாகிக்கொண்டிருந்தன. நோயாளி வரவில்லை, மருந்து போகிறது. இதைத்தான் அற்புதம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை விடை வந்தது. கையில் பையோடு வந்தது.

எங்கள் மருந்தகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குடாவுக்கு அப்பால் சம்பூர், கட்டைபறிச்சான் பக்கத்து நோயாளிகளால் ஒவ்வொரு மாதமும் வர முடியாது. லோஞ்ச் ஓடினால் சென்றி மறிக்கும், சென்றி விட்டால் லோஞ்ச் ஓடாது. அதனால் ஊருக்கு ஒருவர் எல்லோருடைய கொப்பிகளையும் கட்டாகக் கட்டிக்கொண்டு வருவார். நாங்கள் மாத்திரையைக் கட்டிக் கொடுப்போம். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். அதனால் பலர் உயிரோடு இருந்தார்கள்.

யேசுரட்ணம் ஆறு மாதமாகச் செவ்வாய் தோறும் நாற்பது கொப்பி கொண்டுவருவார். "கட்டைபறிச்சான் சனம், தம்பி. பாவங்கள்," என்பார். அவரை நான் கொப்பிக் கட்டோடு பார்த்துப் பழகியவன். களஞ்சியத்தில் சிலுவையோடும் திருநீறோடும் பார்த்தபோதும், அங்கேயும் சனத்துக்கு உதவப் போனவர் என்றே நினைத்தேன். நான் ஒவ்வொரு கொப்பியிலும் மருந்துப் பக்கத்தை மட்டும் பார்த்து மாத்திரை எண்ணுகிறவன். முதற்பக்கத்துப் பெயரை வாசித்ததில்லை. கொண்டுவருகிறவரும் வாசித்ததில்லைப் போலும். வரிசை நீளம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சோம்பேறித்தனத்துக்கு அது நல்ல பெயர்.

அன்று மேலே இருந்த கொப்பியைக் கண்டேன். நாட்காட்டித் தாளில் உறை போட்டிருந்தது. உறையின்மேல் பெயர் எழுதியிருந்த கையெழுத்து என் மனைவியுடையது. "திருமதி புஷ்பவதி. இதய கிளினிக்." பள்ளிக்கூடக் கொப்பிக்கு எழுதுவதுபோல அடியில் கோடும் போட்டிருந்தாள்.

மாத்திரை எண்ணும் தட்டைக் கீழே வைத்தேன்.

"என்ன தம்பி, மருந்து இல்லையோ?" என்றார் யேசுரட்ணம்.

"இருக்கு. இருங்கோ."

நாற்பது கொப்பியையும் டொக்டரிடம் கொண்டுபோனேன். நாற்பதின் முதற்பக்கத்தையும் வாசித்தோம். கட்டைபறிச்சான் ஆள் ஒருவரும் இல்லை. எல்லாம் நகரத்து ஆட்கள். எல்லோரும் பலகைக் கணக்கில் பூரண குணமானவர்கள்.

ஊர்ச் சனத்திடம் கொப்பியைப் பறிப்பது, அந்தக் கொப்பியைக் காட்டி அவர்களுடைய மாத்திரையை இலவசமாக எடுப்பது, வியாழன் அரைப்பது, வெள்ளி அதே சனத்துக்குக் கரண்டி ஐம்பது ரூபாவுக்குப் பருக்குவது. ஒருவருடைய மாத்திரை இன்னொருவர் வயிற்றுக்குள். இடையில் ஒரு முனிவர்.

"பொலிசுக்குப் போவமோ?" என்று கேட்டேன்.

"பொலிஸ் பொறுப்பதிகாரிட மாமியார்தான் அங்க முன்வரிசையில நிக்கிறாங்க," என்றார் டொக்டர். "நாம சொன்னா சனம் நம்பாது. சனம் தன்ட கண்ணால பாக்கணும். ஒரு மருந்து வேலை செய்யிதா எண்டு எப்பிடிப் பாக்கிறது? குடிக்கிற ஆளுக்கும் உள்ளுக்க என்ன இருக்கு எண்டு தெரியப்படாது, குடுக்கிற ஆளுக்கும் தெரியப்படாது. மூணாவது ஆள் ஒருத்தர் முன்கூட்டியே எழுதிப் பூட்டி வைக்கணும். பொடி ஐயா ஆராய்ச்சி எண்டு பலகை போட்டிருக்கிறார்தானே. ஒண்டு செஞ்சு குடுப்பம்."

அலுமாரியைத் திறந்து ஒரு பெரிய போத்தலை எடுத்துத் தந்தார். விற்றமின் பி. மஞ்சள் மாத்திரை. பிள்ளைத்தாய்ச்சிக்கும் கொடுக்கலாம், கிழவருக்கும் கொடுக்கலாம். ஒரு தீங்கும் செய்யாது. ஒரே ஒரு வேலை மட்டும் தவறாமல் செய்யும்.

நாற்பது உறையிலும் மஞ்சள் மாத்திரையைப் போட்டுக் கொடுத்தேன். யேசுரட்ணம் ஒரு உறையைத் திறந்து பார்த்தார். இன்னொன்றைத் திறந்தார்.

"எல்லாம் மஞ்சளாக் கிடக்கே தம்பி."

"கப்பல்ல இந்த முறை வந்தது இதுதான். புதுக் கம்பனி."

"அப்ப சரி," என்றார்.

நாற்பது நோய்க்கு ஒரே மாத்திரையா என்று அவர் கேட்டிருக்கலாம். ஆனால் நாற்பது நோய்க்கு ஒரே பொடி கொடுக்கிற இடத்தில் சம்பளம் வாங்குகிறவர். அவருக்கு அது புதுமையாகப் படவில்லை.

மாமியின் கொப்பியையும் மற்றவற்றோடு திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கக் கை வரவில்லை. கொடுத்தேன்.

வியாழன் பின்னேரம் டொக்டர் ஸல்ஹா ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, அரக்கு வைத்து, ஓய்வுபெற்ற தபாலதிபர் பாக்கியரத்தினத்திடம் கொடுத்தார். முப்பது வருடம் ஊராருடைய கடிதங்களைக் கையில் வைத்திருந்தும் ஒன்றையும் பிரித்துப் படிக்காத மனிதர். ஊரில் மூன்று மதத்தவரும் நம்புகிற ஆள், பொடி ஐயாவுக்கு முன்பு, அவர்தான்.

"இதில என்ன கிடக்கு பிள்ளை?" என்று கேட்டார்.

"நாளைக்கு நடக்கப்போறது, ஐயா."

"சாத்திரமோ?"

"நாளைக்குச் சொல்றன்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. மாமி குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, ஒன்றும் குடிக்காமல் புறப்பட்டார். நான் கூடப் போனேன்.

ஐயா பெரிய வட்டிலின் மூடியைத் திறந்தார். பொடி மஞ்சளாக இருந்தது. கூட்டம் முணுமுணுத்தது. ஐயாவுக்கு ஒரு கணம் கை நின்றது. ஒரு கணம்தான். மில்லில் மிளகாய்த்தூள் மங்கினாலும் அவர் இப்படித்தான் சமாளிப்பார்.

"அம்மன் இறங்கியிருக்கிறா," என்றார். "மஞ்சளைக் கண்டு விளங்கேல்லையோ? இண்டைக்கு இரட்டிப்பு அருள். கரண்டி எழுபத்தைஞ்சு."

எல்லோரும் குடித்தார்கள். மாமியும் குடித்துவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

எட்டு மணி. ஒன்பது மணி. ஒருவரும் நடுங்கவில்லை. ஒருவரும் பின்சுவருக்கு ஓடவில்லை. ஐயா மணியை ஆட்டினார். சாம்பிராணியைக் கொட்டினார். ஒரு பெரியவர் பழக்கத்தில் கொஞ்சம் நடுங்கிப் பார்த்தார். பக்கத்தில் ஒருவரும் கூட நடுங்காததால் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். மாமி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். அவருடைய கை சூடாக இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன்.

ஒன்பதரைக்கு டொக்டர் ஸல்ஹா வந்தார். கூடப் பாக்கியரத்தினம் ஐயா, கையில் உறையோடு.

"ஆர் இந்தப் பிள்ளை?" என்றார் பொடி ஐயா.

"ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறன். பலகையில போட்டிருக்கிறீங்களே."

பாக்கியரத்தினம் ஐயா அரக்கை எல்லோருக்கும் காட்டினார். பிறகு உடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தந்தி வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"இது வியாழன் எழுதியது. ஒன்று. வெள்ளிக்கிழமை பொடி மஞ்சளாக இருக்கும்."

கூட்டம் மூச்சை இழுத்தது.

"இரண்டு. அன்றைக்கு ஒருவர் மேலும் ஆவி வராது. ஒருவரும் மூத்திரத்துக்கு ஓடமாட்டார்கள்."

கூட்டம் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தது.

"மூன்று. குடித்த எல்லோருக்கும் மூத்திரம் மஞ்சள் கரைத்த தண்ணிபோலப் போகும்." பாக்கியரத்தினம் ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "மன்னிக்கவேணும். எழுதியிருக்கிறதைத்தான் வாசிக்கிறன்."

சோதிக்கக் கூடிய தீர்க்கதரிசனம் அந்த ஊருக்கு அதுதான் முதல் தடவை. ஆண்கள் பின்சுவருக்குப் போனார்கள். பெண்கள் அடுத்த வீட்டு நல்லம்மாவின் கொல்லைக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்களின் முகத்தைப் பார்த்தாலே போதும். நல்லம்மா கதவடியில் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னாள்.

"மஞ்சள்தான் பிள்ளையள். என்ர வாழைக்கு வர்ணம் அடிச்சமாதிரிக் கிடக்கு."

பொடி ஐயா கையை உயர்த்தினார். "பயப்படாதையுங்கோ. நோய் வெளியேறுது. அதுதான் நிறம்."

"நான்கு," என்று பாக்கியரத்தினம் ஐயா தொடர்ந்தார். "நோய் வெளியேறுகிறது என்று ஐயா சொல்லுவார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார். ஆறு மாதத்தில் அந்தக் களஞ்சியத்தில் கேட்ட முதல் சிரிப்பு.

இனிச் சனம் தெளிந்துவிடும் என்று நான் நினைத்தேன். படித்தவனுடைய மடத்தனம். முன்வரிசையில் நின்ற அம்மாள் ஒருத்தி தடாலென்று டொக்டரின் காலில் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர்.

"தாயே, உங்களுக்கு ஞானக்கண். என்ர மகன் எங்க எண்டு சொல்லுங்கோ."

"எனக்கும் ஒரு கடிதம் எழுதித் தாங்கோ அம்மா."

"மூத்திரத்தில இருந்தே சொல்லுறா, பாத்தியளோ."

பொடி ஐயாவை இறக்கிவிட்டு அதே கதிரையில் டொக்டரை ஏற்ற அவர்களுக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. டொக்டர் ஸல்ஹா காலை இழுத்துக்கொண்டார். அவர் கோபப்பட்டு நான் கண்டது அன்றுதான்.

"எழும்புங்க. எனக்கு ஞானக்கண்ணும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. எப்பிடித் தெரியும் எண்டு கேக்க ஒங்களுக்கு வாய் இல்லையா? கேளுங்க."

ஒருவரும் கேட்கவில்லை. பிறகு பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. மாமி.

"எப்பிடித் தெரியும்?"

டொக்டர் பையிலிருந்து மஞ்சள் மாத்திரை பத்தை எடுத்து, அங்கேயே கரண்டியால் நசித்து, கொஞ்சம் சாம்பல் சேர்த்து, வட்டிலில் இருந்த பொடிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறம். ஒரே வாசம். "செவ்வாக்கிழமை இந்தக் குளிசையைக் கொடுத்தது நாங்க. வாங்கினது இவர்," என்று யேசுரட்ணத்தைக் காட்டினார். "ஒங்கட கொப்பிகளைக் காட்டி வாங்கினவர்."

யேசுரட்ணம் அலுமாரிப் பக்கம் நகர்ந்தார். அலுமாரியை யாரோ திறந்துவிட்டார்கள். கண்ணாடியோடு ஒட்டி நின்ற முன்வரிசைக் கொப்பிகளுக்குப் பின்னால் பழைய செய்தித்தாள் அடுக்கியிருந்தது. மிச்சக் கொப்பிகள் யேசுரட்ணத்தின் பைக்குள். பை கவிழ்ந்தது.

"நான் கொப்பிதான் கொண்டுபோனனான்," என்றார் யேசுரட்ணம். "அரைச்சது அவர்."

மாமி குனிந்து தன் கொப்பியைத் தேடினார். ஒவ்வொன்றாக எடுத்து, பெயரை வாசித்து, உரியவரிடம் நீட்டினார். "தவராசா, பிரஷர். இந்தாங்கோ. ஐவி, ஆஸ்மா. ஐவி எங்க? நஜ்முன் நிஸா, சீனி வருத்தம்." கூட்டம் அமைதியாக வந்து வாங்கிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதுபோல இருந்தது.

ஒரு கொப்பியில் மாமி நின்றுவிட்டார். மற்றவற்றைவிடப் பழையது. மூலை மடிந்து, எண்ணெய் பிடித்து, மாதம் தவறாமல் முத்திரை குத்தியிருந்தது. முதற்பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசித்தார்.

"சோமசேகரம். வயது ஐம்பத்தாறு. சீனி வருத்தம். எட்டு வருசம்."

மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, நீங்கள் பொடி குடிக்கிறேல்லையோ?"

பொடி ஐயா கொப்பியைப் பிடுங்கக் கை நீட்டினார். முனிவரும் உதவிக்கு வரவில்லை. சனம் ஒதுங்கி வழிவிட்டது. அடிக்கத்தான் வழிவிடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சென்றிப் பக்கம் ஓடினார். ஓடிய ஆளைச் சென்றி சும்மா விடாது. மத்தியானம்வரை அங்கே வெயிலில் உட்கார்ந்திருந்தார். வெறுவயிறு. பதினொரு மணிக்கு அவருக்கு வியர்த்து நடுங்கியது என்றும், கடற்படைப் பெடியன் ஒருவன் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான் என்றும் தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார். ஆவியின் பெயரை யாரும் விசாரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமி கொப்பியைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்திருந்தார். குசினிக்குள் போய் உட்கார்ந்தார். நான் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுபோய் வைத்தேன்.

"தம்பி."

"ஓம் மாமி."

"அப்ப போன வெள்ளி பசிக்குதெண்டு சொன்னது ஆர்?"

"நீங்கள்தான். முதல்நாள் இரவும் சாப்பிடேல்லை."

நெடுநேரம் மாமி கொப்பியின் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். கோடு போட்ட இடத்தில் விரல் நின்றது. பிறகு மாத்திரையை விழுங்கினார். சோறு போட்டார். எனக்கும் சேர்த்து.

அடுத்த இரண்டு மாதம் டொக்டரும் நானும் பலகைக் கணக்கில் இருந்த முந்நூற்றுப் பதினேழு பேரையும் கிளினிக் பதிவேட்டைப் பார்த்து வீடு வீடாகத் தேடினோம். மருந்தைப் பார்க்காதே, குடித்த ஆளைப் போய்ப் பார் என்பது அவருடைய வேதம். வருத்தம் கூடியவர் தொண்ணூற்றிரண்டு பேர். விழுந்து இடுப்பு முறிந்தவர் மூன்று பேர். இறந்தவர் ஒன்பது பேர். ஒன்பது வீட்டிலும் ஒரே பதில் சொன்னார்கள். பொடி நல்ல பொடிதான், எங்கட விதி அவ்வளவுதான். பூரண குணமானவர் ஒருவர் இருந்தார். அவருக்கு முதலிலேயே ஒரு வருத்தமும் இருக்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கப் போனவர்.

கிளினிக் வாங்குகள் மறுபடி நிரம்பின. நான் இப்போது முதற்பக்கத்தைப் பார்த்து, பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் மாத்திரை எண்ணுகிறேன். வரிசை நீளம்தான். நிற்கட்டும்.

போன செவ்வாய் தவராசா அண்ணர் வாங்கில் குந்தியிருந்து பக்கத்து ஆளிடம் இரகசியம் சொன்னார். அவருடைய இரகசியம் மூன்று வாங்குக்குக் கேட்கும்.

"நிலாவெளிப் பக்கம் ஒருத்தர் வந்திருக்கிறாராம். தண்ணி ஓதிக் குடுக்கிறார். காசும் வாங்கிறேல்லையாம். வாற வெள்ளி வேன் பிடிச்சுப் போவம் எண்டு பாக்கிறம்."

முன் வாங்கில் இருந்த மாமி திரும்பினார்.

"போங்கோ. வரிசையில நிக்கமுதல் அவரிட்ட ஒண்டு கேளுங்கோ. 'ஐயா, உங்களுக்கு ஒரு வருத்தம் வந்தால் எங்க போறனியள்?' எண்டு. பதில் வருமட்டும் வாயைத் திறக்காதையுங்கோ, குடிக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம்."